பெட்ஷீட் வழியே திருகோணமலை

போகாத பயணத்துக்கு எதற்குச் சோற்றுப் பார்சல் என்று நான் அந்த டீச்சரிடம் கேட்டேன். எல்கடுவைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்பு அறையில் நின்றுகொண்டிருந்தோம். மேசை மேல் பார்சல்கள் அடுக்கியிருந்தன. எண்ணிவிட்டேன், முப்பத்தொன்று. பிள்ளைகளும் முப்பத்தொன்று. அதில் எனக்குக் குழப்பம் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது.

"ட்ரிப் போனா பசிக்கும் சேர்," என்றார்.

"எங்க டீச்சர் போறோம்? இந்த ரூம விட்டே வெளிய போகலியே."

"சிகிரியாவுக்குப் போறோம். ஏறி எறங்கினா இன்னும் பசிக்கும்."

சொல்லிவிட்டு ஊசிப் பின் ஒன்றைப் பல்லில் கடித்தபடி ஹிஜாபைச் சரிசெய்துகொண்டார். அவர் அப்படிப் பின்னைக் கடித்துக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். அதற்கு மேல் யார் கேட்டாலும் பதில் வராது.

அவர் மாத்தளை நகரத்து முஸ்லிம் குடும்பத்துப் பெண். தினமும் பஸ்ஸில் மலையேறி வந்து படிப்பித்தார். நான் அதே ஊரில் கணிதம் படிப்பித்து, உப அதிபராகி, ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலத்தில் எந்தக் கல்விச் சுற்றுலா என்றாலும் தலை எண்ணும் பொறுப்பு என்னுடையது. பஸ்ஸில் ஏறும்போது எண்ணுவேன், இறங்கும்போது எண்ணுவேன், கோயிலுக்குள் போகும்போதும் வரும்போதும் எண்ணுவேன். அந்தப் பழக்கம் ஓய்வூதியத்தோடு நின்றுவிடவில்லை. இப்போதும் கலியாண வீட்டுக்குப் போனால் பந்தியில் இருப்பவர்களை எண்ணாமல் எனக்குச் சோறு இறங்காது.

டீசலுக்கு வரிசையில் நின்ற வருடத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தின் சுற்றுலா நின்றுபோயிற்று. டீசல் வந்த பிறகும் சுற்றுலா திரும்பி வரவில்லை. பஸ் வாடகையைக் கேட்டாலே பெற்றோர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்போதுதான் டீச்சர் இன்டர்நெட்டில் கூட்டிப்போவதென்று முடிவு செய்தார். அதற்கு என்னை ஏன் தேடி வந்தார் என்பதுதான் வேடிக்கை.

"ட்ரிப் எண்டா ரெண்டு பெரிய ஆக்கள் ஈக்கணும் சேர். அது ரூல். எங்கட ஸ்கூல்ல ஆள் காணாது. நீங்க எண்ணுறதுக்கு வாங்க."

"படம் பார்க்கிற புள்ளைங்கள என்னத்துக்கு எண்ணணும்?"

"படம் பாக்க இல்ல சேர், போறோம்."

நான் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. எண்ணுவதற்கு ஆள் கேட்டு யாரும் வந்து வெகு காலமாகியிருந்தது.

அவருடைய பயணங்களில் ஒன்றும் குறையாது. பெற்றோரின் சம்மதம் வாங்குவார். வாங்குப் பலகைகளை இரண்டிரண்டாகப் போட்டு நடுவில் பாதை விடுவார். பிள்ளைகள் வெளியே வரிசையில் நின்று, நான் எண்ண எண்ண ஒவ்வொருவராக உள்ளே ஏறுவார்கள். பஸ் வாந்திக்கு ஆளுக்கொரு தேசிக்காய்த் துண்டு, ஒரு ஷொப்பிங் பேக். முன்சுவரில் வெள்ளைப் பெட்ஷீட். பள்ளிக்கூடத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் பின்னாலுள்ள தண்ணீர்த் தொட்டி. அதன் மேல் ஒரு போனை வைத்து, இன்னொரு போனை உள்ளே புரொஜெக்டரோடு பொருத்துவார். பிறகு மாத்தளை பஸ் ஸ்டாண்டிலிருந்து ரோட்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி முன்னே போவார். போகும் இடத்துக்கு நேராகக் குதிக்கமாட்டார். நாலந்தா, நாவுல, தம்புள்ளை எல்லாம் வந்தாக வேண்டும். வழியில் தேநீருக்கு நிறுத்துவார். "பாத்ரூம் போறவங்க இப்பவே போயிடுங்க, இதுக்கப்புறம் பஸ் நிக்காது," என்பார். பிள்ளைகள் ஓடிப்போய் வருவார்கள். நான் மறுபடியும் எண்ணுவேன்.

இவ்வளவு பைத்தியக்காரத்தனத்துக்கும் முன்னால் வாரக்கணக்கில் திட்டமிடுவார். ஒவ்வொரு வளைவையும் வீட்டில் இருந்து பார்த்து வைத்துக்கொள்வார். போய்ச் சேரும் இடத்தில் தெரிந்தவர் யாராவது ஒருவரைப் பிடித்து, குறித்த நேரத்தில் வீடியோ கோலில் நிற்கச் சொல்வார். பழைய காணொளிகளைத் தொடவே மாட்டார். "அது வேற யாரோ போன ட்ரிப்," என்பார்.

ஒரு முறை ரிவர்ஸ்டனுக்குப் போனோம். ரத்தோட்டையில் இருந்த, ஒரு பிள்ளையின் மாமா போனைப் பிடித்துக்கொண்டு மலை உச்சியில் நின்றார். பெட்ஷீட் முழுவதும் வெள்ளை. புரொஜெக்டர் பழுதாகிவிட்டது என்று எண்ணி நான் எழுந்து வயரை அசைத்தேன்.

"வயர் சரி சேர். பனி."

"இப்ப என்ன செய்றது?"

"பாக்கிறது. போன எடத்துல என்ன ஈக்குதோ அதான்."

அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் அதுதான். ஒரு பாடவேளை முழுக்க நாங்கள் பனியைப் பார்த்தோம். பின் வாங்கிலிருந்த ஒருவன் கையை உயர்த்தினான்.

"டீச்சர், இது எங்க லயத்து வீட்டு வாசல்லயும் இருக்கு டீச்சர்."

"அது ஒன்ட வாசல் பனி. இது ரிவர்ஸ்டன் பனி. வித்தியாசத்த எழுது."

அன்றைக்குத் திரும்பி வரும் வளைவுகளில் ஒரு பெண்பிள்ளை உண்மையாகவே வாந்தி எடுத்தாள். அசையாத வாங்கில் இருந்துகொண்டு எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. ஷொப்பிங் பேக் தயாராக இருந்ததால் தரை தப்பியது. டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். திருகோணமலைப் பயணம்தான் எல்லாவற்றையும் குழப்பியது.

கோணேசர் கோயிலையும் கடலையும் காட்டுவது திட்டம். டீச்சருடைய சாச்சாவின், அதாவது சித்தப்பாவின், மகன் திருகோணமலையில் முச்சக்கரவண்டி ஓட்டுபவர். அவர் போனோடு கோயில் வாசலில் நிற்க ஒப்புக்கொண்டார். நாங்கள் ஹபரணையைக் கடந்தோம். "யானை எங்க டீச்சர்?" என்று கேட்டார்கள். "இன்னிக்கு வரல்ல," என்றார். கந்தளாய் கடந்தது. கோட்டை வாசலில் மான்கள் நின்றன. அறை முழுவதும் எழுந்து நின்று கூவியது.

கோயில் வந்ததும் டீச்சர், "செருப்பக் கழட்டுங்க," என்றார். முதல் ஆளாகத் தானே கழற்றினார். நானும் கழற்றினேன். எல்கடுவைச் சிமெந்துத் தரை. ஐஸ் கட்டி மேல் நிற்பது போல் இருந்தது.

"குளுருது டீச்சர்," என்று நாலு பக்கமும் சத்தம்.

அப்போதுதான் தர்ஷினி என்ற பிள்ளை தன் இடத்திலிருந்து எழுந்தாள். நடுப்பாதையில் நடந்து முன்னால் வந்தாள். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியில் முடிந்த காசு ஒன்றை எடுத்து, பெட்ஷீட்டின் கீழ் விளிம்பில், படத்தில் கோயில் வாசல் தெரிந்த இடத்துக்கு நேராக வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

யாரோ, "லூசு, அது பெட்ஷீட்டுடி!" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. குனிந்து அவளிடம் கேட்டார். அம்மா கொடுத்தனுப்பினாளாம். தம்பிக்கு நெஞ்சில் ஓட்டை, வருகிற வியாழக்கிழமை கண்டியில் ஆபரேஷன். பிள்ளைகள் திருகோணமலைக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நேர்ந்து முடிந்து வைத்திருந்த காசைக் கோணேசருக்குப் போட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறாள்.

அந்தத் தாயை எப்படிக் குறை சொல்வது? சம்மதம் கேட்டார்கள், சோறு கட்டச் சொன்னார்கள், தேசிக்காய் கொண்டுவரச் சொன்னார்கள். போகிறோம் என்றுதான் சொன்னார்கள். தோட்டத்திலிருந்து யார் கோயிலுக்குப் போனாலும் போகாதவர்கள் காசு முடிந்து கொடுத்தனுப்புவது வழக்கம். அவளும் கொடுத்தனுப்பினாள்.

பெட்ஷீட்டிலிருந்து சாச்சா மகனின் குரல் வந்தது. "ராத்தா, நான் போடுறன். என்ட கையில காசு ஈக்கு." அக்காவை அவர்கள் ராத்தா என்றுதான் அழைப்பார்கள். டீச்சர் யோசிப்பதற்குள் அவர் தன் பையிலிருந்து ஒரு காசை எடுத்து, அங்கே இருந்த உண்டியலில் போட்டுவிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். தர்ஷினி மட்டும் பெட்ஷீட்டையும் தன் காசையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்க காசு இங்கதானே டீச்சர் கெடக்கு?"

திரும்பி வந்து நான் தலை எண்ணினேன். முப்பத்தொன்று. போனது ஒரு காசு, கிடப்பது ஒரு காசு. கணக்கு சரியா பிழையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பள்ளி விட்டதும் டீச்சர் காசோடு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். தர்ஷினியின் அம்மா அப்போதுதான் பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்திருந்தாள். மடியில் சின்னவன். உதடு ஊதா நிறம். டீச்சர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"அப்ப நீங்க போகலியா டீச்சர்?"

டீச்சரின் கை ஹிஜாபுக்குப் போனது. எடுத்துக் கடிக்க ஊசிப் பின் இல்லை.

"போட்ட காசு வேற யாரோடதோ. எங்க காசு வீட்டுக்கே திரும்பி வந்திருச்சு. நேந்த காசு திரும்பி வந்தா என்னா அர்த்தம்?"

"அப்பிடியெல்லாம் அர்த்தம் இல்லம்மா," என்றேன்.

"ஒங்களுக்கு இல்ல சேர். எனக்கு இருக்கே. காசு போய்ச் சேராம புள்ள நெஞ்சுல கத்தி வைக்க விடமாட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவே மாட்டேன்."

அவள் கத்தவில்லை, கோபப்படவுமில்லை. அதுதான் பயமாக இருந்தது. இந்தத் தேதி தவறினால் அடுத்த தேதி எப்போது என்று யாருக்கும் தெரியாது. சின்னவன் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது. அதையும் எண்ணத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன்.

டீச்சர் மஞ்சள் முடிச்சை உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"ஞாயிற்றுக்கெழம நான் போறேன். நேர்லயே, பஸ்ஸுல. இந்தக் காசையே போடுறேன். போதுமா?"

அவள் தலையாட்டினாள்.

இறங்கி வரும் வழியில் நான் கேட்டேன். "டீச்சர், நீங்க முஸ்லிம். கோயிலுக்கு நேந்த காசு. யாராவது ஏதாவது சொல்லமாட்டாங்களா?"

"எங்கட உம்மாவும் தர்காவுக்கு நேர்ச்சைக் காசு குடுத்து அனுப்புற ஆள்தான் சேர். என்ட ட்ரிப்ப நம்பிக் குடுத்தாங்க. அப்ப இது என்ட கையில ஈக்கிற அமானிதம். குடுத்தவங்க சொன்ன எடத்துல சேர்க்கணும். எந்த எடம் எண்டு நான் கேக்க ஏலுமா?" கொஞ்சம் நடந்துவிட்டு, "ஞாயிற்றுக்கெழம நீங்களும் வாங்க. ரெண்டு பெரிய ஆக்கள் ஈக்கணும்," என்றார்.

"புள்ளைங்களே இல்லியே!"

"ட்ரிப் ட்ரிப்தான் சேர்."

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் இருந்தார். கையில் அந்த முடிச்சு. எனக்கு முழங்கால் வலி, பக்கத்தில் ஒரு மூட்டை, பஸ்ஸில் இருக்கைகளை விட ஆட்கள் அதிகம். ஆனால் அவருக்கு ஒவ்வொரு வளைவும் தெரிந்திருந்தது. "இப்ப இடது பக்கம் ஒரு கோயில், அதுக்கப்புறம் ஒரு டயர் கடை," என்பார். கோயில் வரும், டயர் கடை வரும். தம்புள்ளை தாண்டி ஒரு இடத்தில், "இப்ப ஒரு பெரிய மாமரம் வரும்," என்றார். வரவில்லை. வெறும் அடிக்கட்டைதான் கடந்துபோனது. அவர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மரத்தக் காணல்லியே சேர். போன கெழமையும் இருந்துச்சே."

"போன கெழம நாம இங்க வரலியே டீச்சர்."

அவர் பார்த்து வைத்த ரோட்டுப் படம் எந்தக் காலத்தில் எடுத்ததோ. ஹபரணை வந்தபோது நான்தான் வெளியே எட்டிப் பார்த்தேன். அன்றைக்கும் யானை வரவில்லை.

கோட்டைக்குள் மான்கள் இருந்தன. எத்தனை என்று எண்ண முயன்றேன், அவை நடமாடியதில் தவறிப்போயிற்று. வெயில் உச்சியில் நின்றது. மேட்டில் ஏறி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கோயில் வாசலுக்குப் போனோம். டீச்சர் தன் இரண்டாவது போனைத் தர்ஷினியிடம் விட்டு வந்திருந்தார். அவளும் அம்மாவும் சின்னவனும் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியடியில் காத்திருந்தார்கள். வீடியோ கோல் போட்டதும் மூன்று முகங்களும் வந்தன.

"இந்தாங்க, வந்துட்டோம்," என்றார் டீச்சர்.

தர்ஷினியின் அம்மா போனை உற்றுப் பார்த்தாள்.

"நெசமாவே அங்க நிக்கிறீங்களா டீச்சர்? இல்ல அந்தப் பெட்ஷீட்டுலயா?"

டீச்சர் போனைத் திருப்பிக் கோபுரத்தைக் காட்டினார். கடலைக் காட்டினார்.

"அதெல்லாம் அன்னிக்கும் வந்துச்சுன்னு புள்ள சொல்லிச்சு டீச்சர்."

மஞ்சள் முடிச்சைக் காட்டினார். "இது நீங்க முடிஞ்சதுதானே?"

"முடிச்சு எங்களோடதுதான். அது ஒங்க கையில எங்கயும் இருக்கலாமே."

பெட்ஷீட்டில் பார்த்ததைப் போய்வந்ததாக்கிக் காட்டிய மனுஷி, இன்றைக்கு உண்மையாகவே வந்து நிற்கிறார். அதை நிரூபிக்க வழியில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நான் கண்டதில்லை. நானும் வந்து நிற்கிறேன் என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன். நானும் அந்தப் போனுக்குள் ஒரு படம்தானே என்று தோன்றியதும் பேச்சு நின்றுவிட்டது.

"இதப் பிடிங்க சேர், நான் முதல்ல உண்டியல்ல போடுறேன்," என்று போனை என்னிடம் தந்தார். எனக்கு அதைப் பிடிக்கத் தெரியாது. கீழே பார்த்தபடி பிடித்துவிட்டேன் போலிருக்கிறது.

"ஏன் டீச்சர் ஆடுறீங்க?" என்றாள் அம்மா.

நான் குனிந்து பார்த்தேன். டீச்சர் ஒரு காலைத் தூக்கி மறுகாலில் நின்றார். பிறகு அதைத் தூக்கி இதில் நின்றார். நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

"சுடுது பிள்ள! கல்லு தோசைச் சட்டி மாதிரி ஈக்கு! கால் வைக்க ஏலாது!"

போனிலிருந்து தர்ஷினியின் குரல் பாய்ந்து வந்தது. "அம்மா! அன்னிக்கு ஜில்லுன்னு இருந்துச்சும்மா! எல்லாரும் குளுருதுன்னு சொன்னோம்! இப்ப சுடுதாம்!"

அந்த அம்மா சிரித்தாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, அடக்க முடியாமல் சிரித்தாள். தாய் சிரிப்பதைப் பார்த்துச் சின்னவனும் சிரித்தான்.

"சரி டீச்சர், போய்ட்டீங்க. நெழலுல நில்லுங்க. காசப் போட்டுட்டு நெழலுக்கு வாங்க."

டீச்சர் துள்ளித் துள்ளிப் போய்க் காசைப் போட்டார். மஞ்சள் துணியோடு அது உள்ளே விழுந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. எல்கடுவையில் கேட்டதா தெரியாது.

வியாழக்கிழமை அவர்கள் கண்டிக்குப் போனார்கள். சின்னவன் இப்போது அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். நெஞ்சில் நீளமாக ஒரு தழும்பு. ஓட விடக்கூடாது என்று சொல்லியும் ஓடுகிறானாம். எந்தக் காசு அவனைக் காப்பாற்றியது, சாச்சா மகனுடையதா அம்மாவுடையதா என்று கேட்டால் அவன் அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறாள். டாக்டர் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் அதே பார்வைதான்.

டீச்சருக்கு அடுத்த வருடம் இடமாற்றம் வந்தது. எந்த மாவட்டத்துக்கு என்று சொன்னார், மறந்துவிட்டேன். அவர் போன பிறகு யாரும் என்னை எண்ணக் கூப்பிடவில்லை. அவரை நினைத்தால் பெட்ஷீட்டோ ஹிஜாபோ எனக்கு முதலில் நினைவு வருவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்த பஸ்தான் வருகிறது. காலில் கொப்புளம், இரண்டு பேரும் செருப்பைக் கழற்றி இருக்கைக்குக் கீழே விட்டிருந்தோம். கந்தளாய் தாண்டியதும், ஒவ்வொரு பயணத்திலும் கேட்பது போலவே கேட்டார்.

"எண்ணினீங்களா சேர்?"

"எண்ணினேன்."

"எத்தின பேர்?"

"அஞ்சு," என்றேன்.

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸுக்குள் பார்த்தார். பிறகு என் கணக்கைத் திருத்துகிற குரலில், மெதுவாக, "ரெண்டு பேர்தானே சேர் வந்தோம்," என்றார்.

நான் மறுபடியும் எண்ணினேன், தண்ணீர்த் தொட்டியடியில் நின்ற மூன்று முகங்களிலிருந்து தொடங்கி. அஞ்சுதான் வந்தது.